கீழ்வரிசை

மார்ச் வந்தால் எங்கள் பல் பட்டறையில்
எல்லோருக்கும் வருங்காலம் தெரிந்துவிடும்.
கிளெண்டேலின் பின்தெருவில், சன்னலில்லாத கூடம்.
ஒன்பது பேர். தலைக்கு ஐந்து டாலர்.
இருபத்துமூன்று விருதுகள்.
பணம் பிளாஸ்டர் டப்பாவில், டப்பா என் மேசையில்.
கணக்கு எழுதுகிறவள் நான்.

யெசேனியா ஒரு படமும் பார்ப்பதில்லை.
பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாள்;
நாக்கில் வழுக்கிக்கொண்டு போவதற்கு ஓட்டு.
வாஹே நவம்பரிலேயே ஆராய்ச்சியைத் தொடங்கிவிடுவான்.
எந்தச் சங்கம் யாருக்குக் கொடுத்தது,
எந்தக் கிழவருக்கு இதுவரை கொடுக்கவில்லை,
யார் பதினெட்டுக் கிலோ இளைத்தது,
யார் எந்த விருந்தில் அழுதது,
எல்லாம் பென்சிலில்.
"பிடித்த படத்துக்கா கொடுக்கிறார்கள்?
கொடுக்காமல் விட்டால் சங்கடமாகும் படத்துக்கு" என்பான்.
அவன் சொல்வதில் பாதி பலிக்கும்.
பல்லி சொன்னாலும் பாதி பலிக்கும்.

இந்த வருடம் ஒப்பனைக்கான பட்டியலில்
எங்கள் பல் இருந்தது.

உப்புச் சுரங்கத்துப் படம்.
நாயகி வாய் சிதைந்தவள்.
போன கோடையில் ஒப்பனைக்காரர் டெலானி
மூன்று தடவை வந்துபோனார்.
கீழ்வரிசை முழுக்க நுபார் கைவேலை.
பதினோரு பல். ஒன்றை வேண்டுமென்றே உடைத்தார்.
கறைக்குத் தேயிலை போதாதென்று
மாதுளைத் தோலை ஊறவைத்தார்.
அவள் பேசும்போது விசில் வரவேண்டும்,
ஒரே ஒரு எழுத்தில் மட்டும், என்று டெலானி கேட்க,
அரை மில்லிமீட்டர் இடுக்குக்கு
ஆறு நாள் ராவினார்.

அந்த விசிலை நடிப்பின் உச்சம் என்று
பத்திரிகைகள் எழுதின.
பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
போன பல்லைச் செய்து கொடுத்ததால்
வந்த சொல் அது.

ஆயிரத்து நூற்று நாற்பது டாலர்.
இன்னும் வரவில்லை.

சீட்டை நீட்டினேன்.
இருபத்திரண்டு கட்டத்தையும் நுபார்
பேருந்துக்கு நிற்பவர்போல் நிரப்பினார்.
ஒப்பனையில் பேனா நின்றது.
பிறகு வேறொன்றை எழுதினார்:
யாரோ ஒரு ராஜா, யாரோ செய்த மூக்கு.
"கண்பட்டுவிடுமென்றா?"
"மூக்கு நன்றாகத்தான் இருந்தது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, அவசர வேலை என்ற பெயரில்
எல்லோரும் பட்டறையில்.
மலைக்கு அந்தப்பக்கம் ஹெலிகாப்டர்கள்.
உறை பிரிந்தது. உப்புச் சுரங்கம்.

டெலானி மேடையேறினார்.
மனைவிக்கு, இயக்குநருக்கு, நாயகியின் பொறுமைக்கு,
ஒஹாயோவில் தன் முதல் ரப்பர் முகமூடியைப் பார்த்து
அலறிய பள்ளி ஆசிரியைக்கு
நன்றி சொல்லிக்கொண்டே இருந்தார்.
வாத்தியங்கள் எழும்பி அவரை வெளியே தள்ளின.

யெசேனியா பீட்சா அட்டையைத் தட்டிக்கொண்டிருந்தவள்
நிறுத்திவிட்டாள்.
நுபார் மட்டும் திரைக்கு ஒட்டிப்போய்ப் பார்த்தார்.
"மேலே இடப்பக்கக் கோரைப்பல்.
தூக்கத்தில் நறநறவென்று கடிக்கிறார் மனுஷன்.
வருடம் முடிவதற்குள் விரிசல் விடும்."
அன்று அவர் வாயால் சொன்ன ஒரே ஆரூடம்.

எண்ணினேன். யெசேனியா பதினேழு.
நுபார் பதினாறு.
வாஹே பதினொன்று; கோட்டை எடுத்துக்கொண்டு
யாரிடமும் சொல்லாமல் போய்விட்டான்.

விளக்கணைக்கும் முன் இழுப்பறையைத் திறந்தேன்.
மாற்றுக்கென்று செய்த இன்னொரு கீழ்வரிசை
ஈரப் பஞ்சில், வாயில்லாமல்.
எடுத்து, இடுக்கில் ஊதிப் பார்த்தேன்.
வந்தது.

திங்கள் காலை மூன்றாவது நினைவூட்டல்.
தொகைக்கு மேலே 'வாழ்த்துகள்' என்று
ஒரு வரி சேர்த்தேன்.
காலி டப்பாவைக் குலுக்கி,
காசோலை வருமா, ஆளுக்கு ஐந்து டாலர், என்று
பட்டறையைச் சுற்றி வந்தேன்.
ஒன்பது பேரும் ஒரே பக்கம்.
பந்தயம் நடக்கவில்லை.